நடுக்குரலுக்கு ஓர் ஆசான்: வயோலா பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் மேற்கத்தியத் தந்திக் கருவிகளை அறிமுகம் செய்தபோது, வயோலாவுக்கு (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட கருவி) ஒதுக்கிய பத்தியில் மாஸ்கோவைச் சேர்ந்த வயோலாக் கலைஞர் வதீம் பரிசோவ்ஸ்கியின் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தோம். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பிள்ளைகள் பள்ளித் தந்தி இசைக்குழுவில் இருக்கும் பெற்றோர், கர்நாடக வயலின் கற்பவர்கள், கச்சேரிக்குப் போய்க் கேட்பவர்கள் எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

யார் இந்த பரிசோவ்ஸ்கி? ‘ரஷ்ய வயோலா மரபைத் தொடங்கியவர்’ என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு முன் ரஷ்யாவில் வயோலா வாசித்தவர்களே இல்லையா?
— செங்காங் வாசகர்

நிறையப் பேர் இருந்தார்கள். ஒவ்வோர் இசைக்குழுவிலும் ஒரு வரிசையே வயோலாதான். ஆனால் வயலினில் முன்னுக்கு வர முடியாதவர் போய் உட்காரும் இடம் என்றுதான் அந்த வரிசையைப் பார்த்தார்கள். மேடையில் தனித்து நின்று வயோலா வாசிக்கலாம், அதையே வாழ்நாள் தொழிலாகக் கொள்ளலாம் என்ற எண்ணம் பெரும்பாலோருக்கு இருக்கவில்லை.

பரிசோவ்ஸ்கி 1900 ஜனவரியில் மாஸ்கோவில் பிறந்தார். 1918-இல் மாஸ்கோ இசைக்கல்லூரியில் சேர்ந்து மிகயீல் பிரெஸ்ஸிடம் வயலின் கற்றார். அங்கே வயோலா ஆசிரியராக இருந்த விளதீமிர் பக்கலெய்னிக்கவ் சொன்னதைக் கேட்டுக் கருவியை மாற்றிக்கொண்டு, 1922-இல் வயோலாக் கலைஞராகப் படிப்பை முடித்தார். அந்த பக்கலெய்னிக்கவ் பின்னாளில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற இசை நடத்துநரான லோரின் மாஸெலுக்குச் சிறுவயதில் பயிற்சி கொடுத்தவர். ஆள் பார்த்து வழிகாட்டுவதில் அவருக்கு நல்ல கண் இருந்திருக்கிறது.

1923-இல் கல்லூரித் தோழர்கள் மூவரோடு பரிசோவ்ஸ்கி ஒரு நால்வர் குழுவைத் தொடங்கினார். திமித்ரி சிகானவ் முதல் வயலின், வசிலி ஷிரீன்ஸ்கி இரண்டாம் வயலின், செர்கெய் ஷிரீன்ஸ்கி செல்லோ. 1931-இல் அது ‘பேத்தோவன் நால்வர் குழு’ என்று பெயர் மாறியது. அந்த நால்வரும் 1964 வரை, ஒருவர்கூட மாறாமல், 41 ஆண்டுகள் சேர்ந்து வாசித்தார்கள். 1925-இல் இசைக்கல்லூரியின் வயோலா வகுப்பு அவர் கைக்கு வந்தது. 1972 ஜூலையில் அவர் மறைந்தார்.

எங்கள் கணிப்பில் அவருடைய பெரிய சாதனை மேடையில் நடந்ததல்ல. வகுப்பை ஏற்றவர், வரும் மாணவர்கள் எதை வாசிப்பார்கள் என்பதையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். வயலினுக்கு மலைபோல உருப்படிகள் குவிந்திருக்க, வயோலாவுக்கு ஒரு கைப்பிடிதான் இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்க 250-க்கும் மேற்பட்ட இசைத்துண்டுகளை வயோலாவுக்கு மாற்றி எழுதினார். உலகில் வயோலாவுக்கு ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க, பெர்லினின் இசை நூலகர் வில்ஹெல்ம் ஆல்ட்மனோடு சேர்ந்து வயோலாவுக்கும் வயோலா தமோர் என்ற பழைய கருவிக்கும் எழுதப்பட்டவற்றைப் பட்டியலாகத் தொகுத்தார். 1937-இல் ஜெர்மனியில் அது அச்சானது. கணினி இல்லாத காலத்தில் செய்த வேலை அது.

பெயரை எப்படி உச்சரிப்பது? சில இடங்களில் ‘போரிசோவ்ஸ்கி’ என்று பார்க்கிறேன்.
— பிடோக் வாசகர்

எழுத்துப்படி ‘போரிசோவ்ஸ்கி’. ரஷ்ய மொழியில் அழுத்தம் பெறாத ‘ஓ’ ஒலி ‘அ’ போலக் குறுகும் என்பதால் காதில் விழுவது ‘பரிசோஃப்ஸ்கி’. இரண்டுமே சரிதான். இசைப்பிரதி தேடும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: ரஷ்யர்கள் வயோலாவை ‘அல்த்’ என்பார்கள், பிரெஞ்சுக்காரர்கள் ‘ஆல்ட்டோ’, ஜெர்மானியர் ‘பிராட்ஷே’. அட்டையில் ‘ஆல்ட்டோ’ என்று பார்த்துவிட்டுப் பாடகருக்கானது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

என் மகள் உயர்நிலை 1. தந்தி இசைக்குழுவை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்திருக்கிறாள். நான்கு ஆண்டு வயலின் கற்றவளை ஆசிரியர் வயோலாவுக்கு மாறச் சொல்கிறார். ‘வயலின் சரியாக வரவில்லை, அதனால்தான் தள்ளிவிடுகிறார்கள்’ என்று வீட்டில் எல்லாரும் வருத்தப்படுகிறோம். மாறலாமா?
— அங் மோ கியோவைச் சேர்ந்த தாயார்

அம்மா, வருத்தத்தை முதலில் விடுங்கள். பரிசோவ்ஸ்கியே ஏறத்தாழ இருபது வயதில், வயலினிலிருந்து, ஓர் ஆசிரியரின் சொல் கேட்டு மாறியவர். குழுவின் நடுக்குரலைத் தாங்கும் காது இருக்கிறது என்று தெரிந்தால்தான் நல்ல ஆசிரியர் ஒரு பிள்ளையை மாற்றச் சொல்வார்.

மாற்றத்தில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது அளவு. முழு வயலினின் உடல் 14 அங்குலம். பெரியவர்களின் வயோலா 15 முதல் 17 அங்குலம் வரை இருக்கும், பெரும்பாலோர் 15.5 அல்லது 16 வைத்திருப்பார்கள். சிறு பிள்ளைகளுக்கு 12, 13, 14 அங்குல வயோலாக்கள் உண்டு. 13 அங்குலம் என்பது ஏறக்குறைய முக்கால் வயலின், 14 முழு வயலின். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு ‘வளர்ந்துவிடுவாள், பெரியதாகவே வாங்கிவிடலாம்’ என்று பள்ளிச் சீருடை வாங்குவதுபோல 16 அங்குலம் வாங்காதீர்கள். கருவியைத் தோளில் வைத்து, சுருள் முனையை உள்ளங்கையால் கவ்வச் சொல்லுங்கள். முழங்கை சற்று மடங்கியிருக்க வேண்டும். கை விறைத்து நீண்டால் அளவு பெரிது. தாழ்ந்த சி தந்தியில் நான்காம் விரலை (சுண்டுவிரல்) வைக்கச் சொல்லியும் பாருங்கள். விரலைத் தொடவைக்க மணிக்கட்டு வெளியே பிதுங்கினால் அரை அங்குலம் குறைந்ததைக் கேளுங்கள். பெரிய கருவி ஒலி கொடுக்கும் என்பது உண்மைதான். தோள்வலியும் கொடுக்கும். வலி வந்த பிள்ளை ஒரே ஆண்டில் விட்டுவிடுவாள்.

இரண்டாவது, இசைக்குறி. எந்தக் கோட்டில் எந்த ஸ்வரம் என்று காட்டும் குறியைக் கிளெஃப் என்பார்கள். வயோலா ஆல்ட்டோ கிளெஃபில் எழுதப்படும். ஐந்து கோடுகளில் நடுக்கோடு மத்திய சி. மாறுகிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி சொல்லித் தருவார்கள்: வயலின் குறியைப் படிப்பதாக நினைத்துக்கொண்டு, மூன்றாம் நிலையில் (நிலை என்பது கழுத்தில் இடது கை நிற்கும் இடம்) வைக்கும் விரலை வயோலாவில் முதல் நிலையில் வை என்று. கணக்கு பொருந்தும். வயலினில் நடுக்கோட்டு பி, மூன்றாம் நிலையில் டி தந்தியின் மூன்றாம் விரல். வயோலாவில் அதே இடம் ஜி தந்தியின் மூன்றாம் விரல், அதாவது சி. முதல் ஒத்திகையைச் சமாளிக்க இது போதும். இதையே பழக்கமாக்கினால் ஷார்ப், ஃபிளாட் வரும் இடத்திலும், கை மேல் நிலைக்கு ஏறும் இடத்திலும் குழறும். பிள்ளை விரலைப் படிக்கிறாளே தவிர ஸ்வரத்தைப் படிக்கவில்லை. தினம் ஐந்து நிமிடம், கருவி இல்லாமல், ஸ்வரப் பெயரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதத்தில் தெளிந்துவிடும்.

மூன்றாவது, வில். வயலின் வில் சுமார் 60 கிராம், வயோலா வில் சுமார் 70 கிராம். வயலினிலிருந்து வருகிறவர்கள் வேகமாக, லேசாக இழுப்பார்கள். சி தந்தி அப்படி இழுத்தால் பேசாது. சீறும், அல்லது அரை நொடி தாமதமாகப் பேசும். வில்லை மெதுவாக்க வேண்டும், கையின் எடையை இறக்க வேண்டும், வில் முடி முழு அகலமும் தந்தியில் பதிய வேண்டும். அழுத்துவது வேறு, எடையை இறக்குவது வேறு. அழுத்தினால் கரகரக்கும்.

வயோலாவின் ஒலி ஏன் மூக்கடைத்ததுபோல மங்கலாக இருக்கிறது? அது குறையா, இயல்பா?
— தெம்பனிஸ் வாசகர்

இயல்பு. அதன் காரணம் கருவியின் அளவிலேயே இருக்கிறது. வயோலாவின் தந்திகள் சி, ஜி, டி, ஏ. வயலினைவிட ஒரு பஞ்சமம் கீழே. வயலினின் ஒலி அமைப்பு அப்படியே ஒரு பஞ்சமம் இறங்க வேண்டுமென்றால் உடல் ஒன்றரை மடங்கு, அதாவது 21 அங்குலம் இருக்க வேண்டும். அதைத் தோளில் வைத்து யாராலும் வாசிக்க முடியாது. எனவே எல்லா வயோலாக்களும் அவற்றின் ஸ்ருதிக்குச் சிறிய உடல் கொண்டவை. தாழ்ந்த ஸ்வரங்களுக்குப் பெட்டியின் முழு ஆதரவு கிடைப்பதில்லை. அந்த மூடிய, புகைபடிந்த குரல் அப்படி வந்ததுதான். மனிதக் குரலுக்கு மிக அருகில் இருப்பது இந்தக் கருவியே என்று பலரும் சொல்வதும் இதனால்தான்.

பரிசோவ்ஸ்கி மாற்றி எழுதியவற்றில் ஒரு மாணவர் எதை முதலில் எடுக்கலாம்?
— ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஓர் இளைஞர்

இரண்டைச் சொல்கிறோம். இரண்டும் இன்று உலகெங்கும் வாசிக்கப்படுபவை.

முதலாவது ரஷ்ய இசையமைப்பாளர் கிளிங்காவின் டி மைனர் வயோலா சொனாட்டா (ஓரிரு கருவிகளுக்கான, பல பகுதிகள் கொண்ட இசை). கிளிங்கா 1825-இல் எழுதத் தொடங்கி, 1828-இல் பாதியில் விட்டுவிட்டார். முதல் பகுதி முழுதாக இருந்தது, மெதுவான இரண்டாம் பகுதிக்கு முடிவு இல்லை, திட்டமிட்ட மூன்றாம் பகுதியை அவர் எழுதவே இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கையெழுத்துப் படியாகக் கிடந்ததை பரிசோவ்ஸ்கி 1931-இல் நிறைவு செய்தார். அடுத்த ஆண்டு அச்சில் வந்தது. ரஷ்ய இசையின் தொடக்கக் காலத்திலிருந்து வயோலாவுக்கு ஒரு சொனாட்டா இப்படித்தான் கிடைத்தது. விரலுக்குக் கடினமில்லாத, பாடுவதுபோல ஓடும் இசை. நீண்ட வாக்கியங்களுக்கு வில்லைப் பங்கிடுவதில்தான் சிக்கல் வரும். முதல் இரண்டு அடிக்குள் வில்லின் முக்கால்வாசியைச் செலவழித்துவிட்டு, உச்சத்துக்கு வரும்போது முனையில் தொங்குவார்கள். பென்சிலால் ஒவ்வோர் அடிக்கும் வில்லின் பங்கைக் குறித்துக்கொண்டு பயிலுங்கள்.

இரண்டாவது ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவின் ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ பாலே இசையிலிருந்து வயோலா, பியானோவுக்கு அவர் எடுத்தெழுதிய துண்டுகள். இந்த பாலே 1938 டிசம்பரில் செக் நகரமான புர்னோவில் முதலில் மேடையேறியது, 1940 ஜனவரியில் லெனின்கிராடில். முழு இசைக்குழுவுக்கு எழுதப்பட்டதை ஒரு வயோலாவும் ஒரு பியானோவும் தாங்க வேண்டும். அவர் அதைச் செய்த விதம் தனியாகப் பாடம் எடுக்கத் தகுந்தது. இசைக்குழுவில் ஒரு மெட்டு வயலினில் தொடங்கிக் காற்றுக் கருவிக்குத் தாவினால், வயோலாவும் தந்தி மாறியோ, நிலை மாறியோ குரலை மாற்றிக்கொள்கிறது. இரட்டைத் தந்தி, விரல் மீட்டு, தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் எல்லாம் வேலை செய்கின்றன. வித்தை காட்டுவதற்காக அவற்றில் எதையும் அவர் நுழைக்கவில்லை.

‘வீரர்களின் நடனம்’ எல்லாரும் ஆசைப்படும் துண்டு. அதில் தவறு வரும் இடமும் எல்லாருக்கும் ஒன்றுதான். மெட்டு முழுக்க நெடிலும் குறிலுமாக, 3-க்கு 1 என்ற விகிதத்தில் ஏறி இறங்கும். களைத்த கை அதை 2-க்கு 1 ஆக்கிவிடும், கம்பீரம் போய் ஆட்டம் தள்ளாடும். நமக்குக் கைவசம் ஒரு மருந்து இருக்கிறது. ‘தகதிமி’ என்று மனத்துக்குள் சொல்லுங்கள். ‘தகதி’ முழுவதும் நெடில், ‘மி’யில் குறில். அது ‘தகிட’வாக வழுக்கினால் உடனே காதில் தெரியும். நிமிடத்துக்கு 60 அடியில் தொடங்கி, ஒரு பக்கம் பிழையின்றி மும்முறை வந்த பிறகு நான்கு நான்காக ஏற்றுங்கள். வேகம் ஏறும்போது வில்லின் நீளத்தைக் குறையுங்கள். இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை இடது கட்டைவிரலைக் கழுத்திலிருந்து லேசாக எடுத்துப் பாருங்கள். எடுக்க முடியவில்லை என்றால் கை பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் தொடர்ந்தால் வலிதான் மிஞ்சும்.

இந்தப் பிரதிகளை நகலெடுத்துப் பள்ளிக் குழுவுக்குக் கொடுக்கலாமா? பழைய இசைதானே?
— தோ பாயோ ஆசிரியர்

நல்ல கேள்வி. சிங்கப்பூர்ச் சட்டப்படி ஒருவர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 70 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு. கிளிங்கா 1857-இல் மறைந்தார், புரோகோஃபியெவ் 1953-இல். மூல இசை இரண்டுமே அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டன. ஆனால் நிறைவு செய்தவரும் மாற்றி எழுதியவரும் பரிசோவ்ஸ்கி. அவர் மறைந்தது 1972. அவர் கைபட்ட பகுதிக்கு 2042 முடியும் வரை கணக்கு ஓடும். எனவே அச்சிட்ட பிரதியை ஆளுக்கொன்றாக வாங்குவதே முறை. கட்டண நிகழ்ச்சியில் வாசிப்பதாக இருந்தால் இசைப் பதிப்புரிமைகளைக் கவனிக்கும் காம்பஸ் அமைப்பிடம் முன்கூட்டியே அனுமதி விசாரியுங்கள்.

எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் வயோலாவின் பிரடை (தந்தியை முறுக்கும் குச்சி) சில நாள் இறுகிக்கொள்கிறது, சில நாள் நழுவுகிறது. போன மாதம் பக்கவாட்டில் ஒட்டும் விட்டுவிட்டது. ரஷ்யக் கலைஞர்களின் கருவிகள் இருநூறு ஆண்டு நிற்கின்றன, நம்முடையது இரண்டு ஆண்டு நிற்கவில்லையே?
— ஈசூன் வாசகர்

உங்கள் வீட்டில் ஈரம் ஏறி இறங்குகிறது. மாஸ்கோவின் குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று வறண்டு மரம் சுருங்கும், வெடிக்கும். அவர்கள் அதோடு போராடுகிறார்கள். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். கருவிக்கு ஏற்றது 45-லிருந்து 55. ஈரமாகவே இருந்தால் மரம் ஒருவழியாகப் பழகிக்கொள்ளும். இரவெல்லாம் குளிர்சாதன அறை, காலையில் சன்னல் திறந்த கூடம், மாலையில் பள்ளியின் குளிர் அறை என்று மாறி மாறி அலைக்கழிப்பதைத்தான் அதனால் தாங்க முடிவதில்லை.

பெட்டிக்குள் சிறிய ஈரமானி ஒன்று வையுங்கள். வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு உடனே பெட்டிக்குள் வைத்து மூடுங்கள், சுவரில் மாட்டி வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொதிகள் உதவும், ஆனால் நிறம் மாறியதும் காய வைக்க வேண்டும். பலர் அதை மறந்துவிட்டு நனைந்த பொதியோடு ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார்கள். ஈரம் நீக்கும் அலமாரி வாங்கினால் 50-இல் நிறுத்துங்கள். கேமராவுக்கு வைப்பதுபோல 40-க்குக் கீழே இறக்கினால் ஒட்டு விடும், மேற்பலகை வெடிக்கும். குளிர் அறையிலிருந்து வெளியே எடுத்துப்போகும்போது பெட்டியை இருபது நிமிடம் மூடியே வைத்திருந்து பிறகு திறங்கள். இல்லையென்றால் வார்னிஷ்மேல் பனி படியும்.

பிரடை இறுகினால் இடுக்கி வைத்துத் திருகாதீர்கள். தந்தியை ஒரு சுற்றுத் தளர்த்தி, பிரடையை வெளியே இழுத்து, பிரடைக்கென்றே விற்கும் மெழுகுக் குச்சியைச் சிறிது தடவி மீண்டும் சொருகுங்கள். ஒரு நேரத்தில் ஒரு தந்தி மட்டும். நான்கையும் தளர்த்தினால் பிரிட்ஜ் விழும், உள்ளே ஒலித்தூணும் சாயும்.

ஒட்டு விட்டிருக்கிறதா என்று அறிய விரல் முட்டியால் ஓரத்தைச் சுற்றி மெல்லத் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் பொத்தல் ஒலி கேட்டால் அங்கேதான். கடையில் கிடைக்கும் உடனடிப் பசையைத் தொடவே தொடாதீர்கள். தந்திக் கருவிகளை விலங்குப் பசையால் ஒட்டுவதன் காரணமே, அழுத்தம் மிகும்போது மரம் வெடிப்பதற்கு முன் பசை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான். உங்கள் ஒட்டு விட்டதால் மேற்பலகை பிழைத்தது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் எளிதாக ஒட்டிவிடுவார்.

வில்லுக்கும் இதே கதை. ஈரத்தில் முடி நீளும், திருகைக் கடைசிவரை திருகியும் இறுகாது. முடியைச் சற்றுக் குறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். வில் முடியில் தடவும் ரோசினில் கறுத்த, மென்மையான வகையை வயோலாக்காரர்கள் விரும்புவார்கள். அது குளிர் நாட்டுக்கு ஏற்றது. இங்கே இளகித் திட்டுத் திட்டாக ஒட்டும். வெளிர் நிறமான, கடினமான வகையே நமக்குச் சரி.

வயோலா தமோர் என்று குறிப்பிட்டீர்களே, அது என்ன?
— உட்லண்ட்ஸ் வாசகர்

தோளில் வைத்து வில்லால் வாசிக்கும் பழைய கருவி. மேலே 6 அல்லது 7 தந்திகள், அவற்றின் கீழே விரல் பலகைக்கு அடியில் ஓடும் 6 அல்லது 7 தந்திகள். கீழ்த் தந்திகளை வில் தொடாது, மேலே ஒலிப்பதற்கு அவை தாமாக அதிரும். சிதாரின் தரப் தந்திகளை நினைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஸ்ருதி டி மேஜர்: கீழிருந்து ஏ, டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தம் ‘யோவான் பாடுகள்’ இசையில் இரண்டைப் பயன்படுத்தினார். 19-ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய மறைந்துபோன இதை பரிசோவ்ஸ்கி கற்று மேடைக்குக் கொண்டுவந்தார். 14 தந்திக்கும் ஸ்ருதி சேர்ப்பதற்குள் பாதி வகுப்பு முடிந்துவிடும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

கர்நாடக இசைக்கு வயோலாவைப் பயன்படுத்தலாமா? நான் ஆண் குரலுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறேன். 1 கட்டைக்கு வயலினை இறக்கினால் தந்தி தொளதொளக்கிறது.
— பொங்கோல் வாசகர்

தாராளமாக. பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் வயலினே இப்படித்தான் நம் இசைக்குள் வந்தது.

உங்கள் சிக்கலுக்கு இது நேரடித் தீர்வு. 1 கட்டை என்றால் சி. ச-ப-ச-ப என்று சேர்க்க வயோலாவின் கீழிரண்டு தந்திகளை, சி-யையும் ஜி-யையும், தொடவே வேண்டாம். டி-யை சி-க்கும், ஏ-யை ஜி-க்கும் ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் போதும். வயலினில் இதே ஸ்ருதிக்குக் கீழ்த் தந்தியை ஜி-யிலிருந்து ஒரு பஞ்சமம் இறக்க வேண்டும், அதனால்தான் தொளதொளக்கிறது. 2 கட்டைக்கு டி-ஏ-டி-ஏ. கீழிரண்டையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்ற வேண்டும். பிரிட்ஜ் மேல் அழுத்தம் கூடும், நிரந்தரமாக அப்படி வைப்பதாக இருந்தால் அதற்கேற்ற மெல்லிய தந்தி போடுங்கள். அதற்கு மேல் வயலினே நல்லது.

உட்கார்ந்து சுருளைக் கணுக்காலில் வைக்கும்போது கூடுதல் நீளம் இடிக்கும். 15 அல்லது 15.5 அங்குலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஸ்வர இடைவெளிகள் அகலம், அதனால் ஒரே அளவு விரல் அசைவில் கமகம் சிறுத்துக் கேட்கும். காம்போதி, தோடி போன்றவற்றில் இது உடனே தெரியும். முதலில் விளம்ப காலத்தில் வர்ணம் ஒன்றை எடுத்து, ஜாருவின் (ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்கும் கமகம்) தொடக்கத்தையும் முடிவையும் காதால் சரிபாருங்கள். துரித கால சங்கதிகளில் வயலினோடு போட்டி போடாதீர்கள். இந்தக் கருவியின் அழகு மந்தர ஸ்தாயியில் இருக்கிறது.

ஷோஸ்தகோவிச் பரிசோவ்ஸ்கிக்கு ஓர் இசையை அர்ப்பணித்தார் என்று கேள்விப்பட்டேன். விவரம் தர முடியுமா? அவர் மாணவர்கள் யார்? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?
— கிளமெண்டி, புக்கிட் பாத்தோக் வாசகர்கள் இருவர்

மூன்று கேள்விகளுக்கும் ஒரே இழையில் பதில் சொல்லலாம்.

சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச் மொத்தம் 15 நால்வர் இசைகள் எழுதினார். முதலாவதையும் கடைசியையும் தவிர மற்ற எல்லாவற்றையும் மேடையேற்றியது பேத்தோவன் நால்வர் குழுதான். 1940 நவம்பரில் அவருடைய பியானோ ஐவரிசையை இந்த நால்வரோடு அவரே பியானோவில் அமர்ந்து வாசித்தார். பின்னர் நால்வருக்கும் ஆளுக்கொன்றாக அர்ப்பணித்தார்: 11-ஆவது மறைந்த வசிலி ஷிரீன்ஸ்கியின் நினைவாக, 12-ஆவது சிகானவுக்கு, 13-ஆவது பரிசோவ்ஸ்கிக்கு, 14-ஆவது செர்கெய் ஷிரீன்ஸ்கிக்கு.

13-ஆவது 1970-இல், பரிசோவ்ஸ்கிக்கு 70 வயதான ஆண்டில் எழுதப்பட்டது. பி ஃபிளாட் மைனரில், இடைவெளியே இல்லாத ஒரே பகுதி, சுமார் 20 நிமிடம். வயோலா தனியாகத் தொடங்குகிறது. நடுவே வாசிப்பவர்கள் வில்லின் மரத்தால் கருவியின் உடலைத் தட்டுவார்கள். அந்த வறண்ட ஒலி கேட்கும்போது ஒலிபரப்பில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். முடிவில் மீண்டும் வயோலா மட்டும், மேலே மேலே ஏறி, மிக உயர்ந்த பி ஃபிளாட்டை அடைகிறது. வயலின்களும் சேர்ந்துகொள்ள, அந்த ஒற்றை ஸ்வரம் பெருகி வெட்டுப்பட்டதுபோல நிற்கிறது. தாழ்ந்த குரலுக்குப் பெயர்போன கருவியை அதன் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் முடித்திருக்கிறார்.

ஆனால் 1970 டிசம்பர் 13 அன்று லெனின்கிராடில் அதை முதலில் வாசித்தவர் பரிசோவ்ஸ்கி அல்ல. 1964-இல் அவர் குழுவை விட்டு விலகியபோது, அவர் இடத்தில் அமர்ந்தவர் அவருடைய மாணவர் பியோதர் துருஷீனின். ஆசிரியருக்கான இசையை மாணவர் வாசித்தார்.

1975 கோடையில் ஷோஸ்தகோவிச் நோயில் கிடந்தபடி வயோலாவுக்கும் பியானோவுக்கும் ஒரு சொனாட்டா எழுதி, அதைத் துருஷீனினுக்கு அர்ப்பணித்தார். வயோலாவில் என்னென்ன வாசிக்க இயலும் என்று அவரிடம் தொலைபேசியில் கேட்டு எழுதினார். அதுவே அவருடைய கடைசிப் படைப்பு. ஆகஸ்ட் 9 அன்று மறைந்தார். அக்டோபர் 1 அன்று லெனின்கிராடில் துருஷீனினும் பியானோவில் மிகயீல் முன்த்யானும் அதை முதன்முதலாகப் பொதுமேடையில் வாசித்தார்கள்.

மற்ற மாணவர்களில் ருதோல்ஃப் பர்ஷாய் பின்னாளில் பரதீன் நால்வர் குழு என்று பெயர்பெற்ற குழுவின் முதல் வயோலாக் கலைஞர்களில் ஒருவர். 1955-இல் மாஸ்கோ சேம்பர் இசைக்குழுவைத் தொடங்கினார், 1969-இல் ஷோஸ்தகோவிச்சின் 14-ஆம் சிம்பனியை முதலில் நடத்தினார். பரதீன் குழுவில் பர்ஷாயின் இடத்துக்கு 1953-இல் வந்து 1996 வரை இருந்த திமித்ரி ஷெபாலினும் பரிசோவ்ஸ்கியின் மாணவரே. கடைசியாக வந்தவர்களில் ஒருவர் யூரி பஷ்மெத். 1971-இல் சேர்ந்தார், அடுத்த ஆண்டே ஆசான் மறைய, துருஷீனினிடம் படிப்பைத் தொடர்ந்தார். 1976-இல் மியூனிக் போட்டியில் முதல் பரிசு வென்றார். இசையமைப்பாளர் ஷ்னிட்கெ 1985-இல் எழுதிய வயோலா கான்செர்ட்டோ (தனிக் கருவியும் இசைக்குழுவும் சேரும் இசை) பஷ்மெத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

கேட்கும் வரிசை இதுதான்: முதல் வாரம் கிளிங்கா சொனாட்டா. இரண்டாம் வாரம் புரோகோஃபியெவ் துண்டுகளை முதலில் முழு இசைக்குழுவிலும் பிறகு வயோலாவிலும். மூன்றாம் வாரம் 13-ஆவது நால்வர் இசை. அதை ஓடும் எம்ஆர்டியில் கேட்காதீர்கள், மெல்லிய இடங்கள் அத்தனையும் தொலைந்துபோகும். இரவில், நல்ல ஹெட்ஃபோனில், ஒரே அமர்வில் கேளுங்கள். அதன் பிறகு துருஷீனினுக்கான சொனாட்டா. தொடக்கத்தில் வில் இல்லை. வாசிப்பவர் விரலால் திறந்த தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டுகிறார், ஸ்ருதி சரிபார்ப்பதுபோல. மூன்றாம் பகுதியில் பேத்தோவனின் ‘நிலவொளி’ சொனாட்டாவின் சாயல் எங்கே நுழைகிறது என்று கவனியுங்கள். ஷ்னிட்கெயை ஐந்தாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.